இரு தரப்பும் கேட்ட வாய்தா

சவப்பெட்டி ஐந்தடி எட்டு அங்குல ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்தால் போதும் என்று பெட்டி செய்கிறவர் போனில் சொன்னதை ஐரீன் ஒப்புக்கொள்ளவில்லை. விடியற்காலையில் வந்து வெறும் கண்ணாலேயே அளந்துகொண்டு போன மனுஷன் அவர். அப்பா ஐந்தடி பத்து, அது அவருடைய ரயில்வே மெடிக்கல் கார்டிலேயே எழுதியிருக்கிறது, வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள் என்றாள். போனை இடது காதில் இடுக்கிக்கொண்டே அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள். அப்பாவின் உச்சந்தலையில் ஒரு முனையை வைத்து, குதிகால் வரை இழுத்தாள். ஐந்தடி எட்டு. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள், அதேதான். கார்டு எழுதி நாற்பது வருஷம் ஆகியிருந்தது, மனுஷன் நடுவில் இரண்டு அங்குலத்தை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்று போனில் சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினாள். கொஞ்ச நேரம் அந்தக் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

இக்னேஷியஸ் காலை ஐந்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எழுபத்து நான்கு வயது, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் முப்பத்தாறு வருஷ உழைப்பு, கடைசி இரண்டு வருஷம் நுரையீரலோடு மல்லுக்கட்டு. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை என்று அனுப்பியதால் மூன்று நாளாக எர்ணாவூர் குடியிருப்பில் தன் கட்டிலிலேயே கிடந்தார். மனைவி ஃப்ளோரன்ஸ் ஒரு பக்கம், ஒரே மகள் ஐரீன் ஒரு பக்கம். ஐந்து பதினைந்துக்கு ஐரீன் முதல் போனைப் போட்டாள். ஏழு மணிக்குள் ராயபுரம் கோவிலில் நான்கு மணிப் பூசை, காசிமேடு கல்லறையில் இடம், வண்டி, ஷாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் முடிந்துவிட்டது. மகள் அழவில்லையே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் குசுகுசுத்தார்கள். அழுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள், தண்ணி கேன் சொல்வதற்கு யார் வருவார்கள்? அவள் கணவன் ஜெரி நல்ல மனுஷன்தான், சொன்ன வேலையைச் செய்வான். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வேலை வாங்குவது அவளுக்குப் புதிதா என்ன? எண்ணூர் ரோட்டில், கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர்களை அடுக்கி வைத்து டிரெய்லர் லாரிகளில் ஏற்றி அனுப்பும் பெரிய யார்டு ஒன்றில் அவள் ஒன்பது வருஷமாக பெர்சனெல் மேனேஜர். ஐந்நூறு பேருடைய சம்பளம், ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கார்டு, கேன்டீன் சாம்பாரில் உப்பு, யார் யாரை முறைத்தான் என்கிற பஞ்சாயத்து, எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். கறார் பேர்வழி. ஆனால் ஒருத்தன் காசில் ஒரு ரூபாய் குறையவும் விடமாட்டாள் என்று அவளைத் திட்டுகிறவனே சொல்லுவான்.

சாவுக்கு லீவு கேட்டு வருகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி விதிப்படி அப்பா, அம்மா, பெண்டாட்டி, பிள்ளை என்றால் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. தாத்தா பாட்டிக்கு ஒரு நாள். அதனாலேயே அந்த யார்டின் தாத்தா பாட்டிகள் கொள்ளைநோய் வந்தது போலச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கு மூன்று வருஷத்தில் ஐந்து பாட்டி. "இன்னும் எத்தனை பாட்டி ஸ்டாக் வச்சிருக்க?" என்று ஐரீன் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான், லீவும் போயிற்று.

விதியில் இல்லாதது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் செத்தால் லீவு கிடையாது. ஆனால் கடலோரக் குப்பங்களிலும் இந்தக் குடியிருப்புகளிலும் அதுதான் பெரிய சாவு. என் வீட்டுப் பிணத்துக்கு நீ தோள் கொடுத்தாயா, உன் வீட்டுப் பிணத்துக்கு நான் தோள் கொடுத்தே ஆக வேண்டும். இதில் சாமி வேறு, சாதி வேறு என்கிற பேச்சே கிடையாது. கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்று மறந்து போகும், பாடையைத் தூக்கிய ஆளை எந்த வீடும் மறக்காது.

இந்த வழக்கத்தில்தான் ரஞ்சித் மாட்டினான். முப்பத்திரண்டு வயது, மீனவ வீட்டுப் பிள்ளை, கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டியை ஓட்டுவதில் அவனை விட்டால் ஆள் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால், அவன் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு காசிமேட்டில் மீன் விற்கும் மங்கம்மாவின் புருஷன் செத்துப்போன செய்தி ஷிஃப்ட் நடுவில் வந்தது. வண்டியை வழி நடுவிலேயே, என்ஜின் ஓட ஓட விட்டுவிட்டுத் தோள் கொடுக்கப் போய்விட்டான். நாற்பது டிரெய்லர் இரண்டு மணி நேரம் நின்றது. சஸ்பென்ஷன், சார்ஜ் ஷீட், வெளி வக்கீலை வைத்து விசாரணை. அதற்கும் இரண்டு முறை வாய்தா வாங்கினான். இரண்டும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஒன்று சுடுகாடு, ஒன்று கல்லறை. மூன்றாவது நோட்டீஸில் ஐரீனே தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: தொழிலாளிக்கு இனி வாய்தா வழங்கப்பட மாட்டாது, ஆஜராகாவிட்டால் விசாரணை ஒருதலைப்பட்சமாக முடிக்கப்படும்.

பதினொரு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு ரஞ்சித் வந்து நின்றான். ஐஸ் பெட்டிக்கு முன்னால் கைகூப்பிவிட்டு, ஃப்ளோரன்ஸின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐரீனிடம் வந்து, தூக்கும்போது முன்பக்கம் இடது மூலை தனக்கு வேண்டும், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றான்.

ஐரீனுக்கு அப்போதுதான் அன்றைக்கு வியாழக்கிழமை, மூன்றாவது நோட்டீஸில் போட்ட நாள் என்பது உறைத்தது. அவனைத் தனியாக, வாசலில் தண்ணீர் டிரம்கள் வரிசையாக இருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"மூணு மணிக்கு விசாரணை. ஞாபகம் இருக்குல்ல?"

"கீது மேடம்."

"போகலன்னா இன்னையோட முடிச்சிடுவாங்க. அப்பறம் டிஸ்மிஸ்தான். அந்த நோட்டீஸ நான்தான் எழுதினேன், அதுல ஓட்டை கிடையாது."

"தெரியும். படிச்சேன்." ரஞ்சித் டிரம்மின் மூடியைத் தட்டிக்கொண்டே சொன்னான். "வெள்ளத்துல எங்க நைனா செத்தப்போ இடுப்பளவு தண்ணி. எங்க சனமெல்லாம் மொட்ட மாடில மாட்டிக்கிச்சு. நான், எங்க மாமா, இன்னொர்த்தரு, மூணே பேருதான். நாலாவது மூலைக்கு ஆளு இல்ல. உங்கப்பாதான் லுங்கிய மடிச்சிக் கட்டிகினு தண்ணில எறங்கனாரு. அறுபத்தி நாலு வயசு. சுடுகாட்டு மேடு வரிக்கும் தோள் மாத்தல. இன்னிக்கு நான் ஏசி ரூம்ல குந்திகினு இருந்தேன்னா, எங்க நைனா என்ன மன்னிப்பாரா?"

"வேலை போயிடும், ரஞ்சித். ரெண்டு பிள்ளைங்க. வீட்ல வினிதாகிட்ட கேட்டியா?"

"அவதான் இந்தச் சட்டைய எடுத்துக் குட்த்து, போய்ட்டு வான்னா."

ஐரீனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சட்டென்று சொல்ல முடியாத கோபம். இடுப்பளவு தண்ணீரில் அப்பா இறங்கிய கதை அவளுக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க அவர் இருமிக்கொண்டு கிடந்ததற்கு அவள்தான் திட்டியிருந்தாள். ஆனால் சார்ஜ் ஷீட் எழுதியபோது அவளுக்கு முன்னால் இருந்தது நாற்பது டிரெய்லரும், வழி நடுவில் உறுமிக்கொண்டிருந்த ஒரு வண்டியும்தான். அதில் அவள் எழுதியது ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இன்றைக்கும் அதை அடித்துக் கேட்டால் அப்படியேதான் எழுதுவாள். அதற்காக, தன் அப்பாவை அவன் தூக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவன் வேலையை யாரோ முடித்துவிட்டுப் போவதா? அது மட்டும் நடக்கக் கூடாது. நடந்தால் அப்பாவின் கல்லறைப் பக்கம் அவளால் தலை நிமிர்ந்து போக முடியாது.

ஜி.எம்.முக்குப் போன் போட்டாள். அவர் ரொம்ப வருத்தப்பட்டார், மலர் வளையம் அனுப்பியாகிவிட்டது என்றார், குடும்பத்தைப் பாருங்கள், ஒரு வாரம் ஆஃபீஸையே நினைக்காதீர்கள் என்றார். விசாரணையைப் பற்றிக் கேட்டதும் குரல் கொஞ்சம் உற்சாகமானது. அது நடக்கும், உங்களுக்குப் பதிலாக அசிஸ்டென்ட்டை உட்காரவைத்து அதிகாரக் கடிதம் தயார் செய்கிறேன், அந்தப் பையன் வராவிட்டால் நமக்கு வேலை மிச்சம் என்றார். நல்லவேளை, அவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த போன் விசாரணை அதிகாரி மஜீதுக்கு. மண்ணடியில் ஆஃபீஸ் வைத்திருக்கும் வக்கீல், இருபது வருஷமாக இந்த மாதிரி விசாரணைகளை நடத்துகிறவர், ஒரு கால்புள்ளி தப்பாக இருந்தாலும் திருப்பி அடிக்கச் சொல்லுவார். சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யை முதலில் சொல்லி, அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டார். பிறகு ஐரீன் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"பாருங்கம்மா. தொழிலாளிக்கு வாய்தா இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்க. ஆனா நிர்வாகம் கேக்கலாம். நிர்வாகம்னா இன்னைக்குத் தேதிக்கு நீங்கதான், புதுக் கடிதாசி என் கைக்கு வர்ற வரைக்கும். மூணு மணிக்கு ரெண்டு பேரும் என் முன்னாடி நின்னு கேட்டா நான் எழுதுவேன். போன்ல கேட்டு எழுதினேன்னா நாளைக்குக் கோர்ட்டுல என் தலையில போடுவாங்க."

ஐரீன் கணக்குப் போட்டாள். இரண்டரைக்கு எடுப்பதை இரண்டுக்கே எடுத்துவிட்டால், டிரெய்லர் நெரிசலைத் தாண்டி இரண்டு ஐம்பதுக்கு யார்டு கேட். பத்துப் பதினைந்து நிமிஷம். அங்கிருந்து ராயபுரம் நாலு மணிக்குள் போய்விடலாம். போக முடியும். ஒரே ஒருத்தரிடம்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

ஃப்ளோரன்ஸ் காலையிலிருந்து அதே நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மகள் குனிந்து விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மணி உருட்டிய விரல் நின்றது.

"எடுத்த பொணம் வழில நிக்கக் கூடாதுடி."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"அவன் வேலை போயிடும்மா. அப்பாவால போச்சுன்னு இருக்கக் கூடாது."

ஃப்ளோரன்ஸ் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே இக்னேஷியஸ், வேறு யாருக்கோ தைத்தது மாதிரி தொளதொளவென்று ஒரு கோட்டில், எதற்கும் அவசரமில்லாமல் படுத்திருந்தார்.

"இந்த மனுஷன் உசுரோட இருந்தப்போ எந்த எடத்துக்கும் நேராப் போனதில்ல," என்றாள். "பால் வாங்கப் போனா நாலு எடத்துல நின்னு பேசிட்டு, பால் இல்லாம வருவாரு. இன்னைக்கு மட்டும் என்ன, நேராப் போயிடப் போறாரா? நிறுத்திக்கோ."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். முன் இடது ரஞ்சித், முன் வலது ஜெரி, பின்னால் ஐரீனின் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர். குடியிருப்பின் சந்துகளைக் கடந்து ரோட்டில் நின்ற வண்டிக்குள் வைத்தார்கள். வண்டிக்குள் பெட்டியின் ஒரு பக்கம் ஃப்ளோரன்ஸும் ஐரீனும், எதிர்ப்பக்கம் ரஞ்சித்தும் ஜெரியும். மற்றவர்களை ஐரீன் நேராகக் கோவிலுக்கு அனுப்பிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் ரஞ்சித் வேண்டாம் மேடம், அங்கிள வெச்சிகினு இப்படியெல்லாம் அலைய வேண்டாம் என்று ஆரம்பித்தான். ஐரீன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் உனக்குச் சலுகை காட்டல. வண்டிய நடு வழில விட்டுட்டுப் போனது தப்பு. எவனாவது அதுல அடிபட்டுச் செத்திருந்தா, அவனுக்குத் தோள் குடுக்க நீ எந்த வண்டிய விட்டுட்டு ஓடியிருப்ப? அந்த விசாரணையில உன்ன நான் கேள்வி கேப்பேன். நீ பதில் சொல்லணும். ஆனா நீ இல்லாத நேரத்துல எதுவும் நடக்காது."

ரஞ்சித் பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுக்காமலே தலையாட்டினான். "சாவிய எட்த்துனு போயிருக்கணும் மேடம். அது தப்புதான்."

நான்கு மாதத்தில் அவன் ஒப்புக்கொண்ட முதல் வார்த்தை அது. எழுதி வாங்க வேண்டிய வார்த்தை. ஐரீன் எழுதி வாங்கவில்லை.

எண்ணூர் ரோடு வழக்கம் போல டிரெய்லர்களால் அடைந்து கிடந்தது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து யார்டு வாசலுக்கு வந்தபோது இரண்டு ஐம்பத்தெட்டு. செக்யூரிட்டி பாஸ்கர் மேடத்தைப் பார்த்து சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினான், வண்டிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துவிட்டு அந்தக் கையாலேயே தொப்பியைக் கழற்றினான். ஜெரியையும் அம்மாவையும் வண்டியில் விட்டுவிட்டு, ஐரீன் வெள்ளைப் புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தாள். சஸ்பென்ஷனில் இருப்பவன் ஆஃபீஸ் பக்கம் துணையில்லாமல் போகக் கூடாது என்பது விதி, அதனால் ரஞ்சித் அவளுக்கு ஒரு அடி பின்னால் வந்தான்.

விசாரணை அறையில் மஜீது, டைப் செய்கிற ஜோதிகா, புதுக் கோட்டு போட்ட அசிஸ்டென்ட், கையில் கையெழுத்தாகாத கடிதத்தோடு ஜி.எம். நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். ஜி.எம்.தான் முதலில் வாயைத் திறந்தார். ஐரீன், நீங்க ஏன் இங்க, இதெல்லாம் நாங்க பாத்துக்க மாட்டோமா என்றார்.

"பாத்துப்பீங்க சார். அதனாலதான் வந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மஜீது கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக மூன்று. இரு தரப்பும் ஆஜர் என்று ஜோதிகாவிடம் அடிக்கச் சொன்னார். நிர்வாகத் தரப்பில் ஏதாவது மனு உண்டா என்று கேட்டார். உண்டு, விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டுகிறோம் என்றாள் ஐரீன். குரல் கணீரென்று இருந்தது. ஒன்பது வருஷமாக இந்த அறையில் அவள் பேசும் குரல்.

"காரணம்?" என்றார் மஜீது. கேட்டாக வேண்டிய கேள்வி அது.

காரணத்தை அவளே சொல்லி அடிக்க வைப்பதுதான் வழக்கம். ஐரீன் ஜோதிகாவின் பக்கம் திரும்பி ஆரம்பித்தாள். "நிர்வாகத் தரப்புப் பிரதிநிதியின் தகப்பனார்..."

காலையிலிருந்து அறுபது எழுபது பேருக்குப் போனில் சொல்லியிருப்பாள். நாலு மணிக்கு பூசை, அப்பறம் அடக்கம், வந்துடுங்க. அதெல்லாம் வேலை. இந்த வாக்கியம் வேறு. எத்தனையோ பேருடைய ஃபைலில் அவளே எழுதி, கீழே உறவுமுறை என்று போட்டு, சான்றிதழ் எங்கே என்று கேட்டு, மடித்துக் கொடுத்த வாக்கியம். இன்றைக்கு அதன் கடைசி வார்த்தை வாய்க்கு வரவில்லை. ஜோதிகாவின் விரல்கள் எழுத்துகளின் மேல் காத்திருந்தன. ஐரீன் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அப்பா..." என்றாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, காலையிலிருந்து வராத அழுகையையெல்லாம் ஒரேயடியாக அழுதாள். ஜி.எம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரஞ்சித் இந்த அறையில் கேட்டால்தான் பேச வேண்டும். அவன் யாரும் கேட்காமலே பேசினான்.

"எழ்துங்க சார். இக்னேஷியஸ். ரயில்வேல இருந்தவரு. இன்னிக்குக் காலைல ஐஞ்சு பத்துக்குச் செத்துட்டாரு. எங்க நைனாவுக்குத் தோள் குட்த்தவரு. நானும் போவோணும். எனக்கும் வாய்தா வோணும்."

மஜீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதும்மா," என்று ஜோதிகாவிடம் சொன்னார். அவரே வாக்கியத்தை அமைத்துக் கொடுத்தார். முடிந்ததும், விதிப்படி, படித்துக் காட்டச் சொன்னார்.

ஜோதிகா படித்தாள். "நிர்வாகத் தரப்புப் பிரதிநிதியின் தகப்பனார் திரு. இக்னேஷியஸ் இன்று காலை காலமானார். தொழிலாளி அன்னாரின் இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுக்கக் கடமைப்பட்டவர். இரு தரப்பினரும் ஒரே காரணத்துக்காக வாய்தா கோருகின்றனர். அனுமதிக்கப்படுகிறது."

இருபது வருஷத்தில் இப்படி ஒரு வரியை எழுதியதில்லை என்று மஜீது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐரீன் நிர்வாகம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ரஞ்சித் பக்கத்தில் போட்டான். ஜி.எம். கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மூன்று பதினைந்துக்கு வெளியே வந்தால், வண்டி மாட்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், பக்கத்தில் நகராத வரிசை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்களாம். ஃப்ளோரன்ஸ் மகளைப் பார்த்துவிட்டு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ஐரீனுக்கு. எல்லாம் தெரிந்தவள் போலக் கணக்குப் போட்டாளே, தினமும் பார்க்கிற இந்த ரோட்டை அல்லவா தப்பாகப் போட்டாள்!

மூன்று மணி ஷிஃப்ட் அப்போதுதான் விட்டிருந்தது. சாம்பல் நிற யூனிஃபார்மில் முப்பது நாற்பது பேர், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றித் தள்ளி நின்றார்கள். எல்லாரையும் அவளுக்குத் தெரியும். பேர் மறந்தாலும் டோக்கன் நம்பர் மறக்காது. பாதிப் பேருக்கு அவள் மெமோ கொடுத்திருக்கிறாள், மீதிப் பேருக்கு அரை நாள் சம்பளம் பிடித்திருக்கிறாள். யாரும் பக்கத்தில் வரவில்லை.

கூட்டத்திலிருந்து ரவிக்குமார் வந்தார். யூனியன் செயலாளர், ஒவ்வொரு சம்பள ஒப்பந்தத்துக்கும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு விடிய விடிய மல்லுக்கு நின்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், சிக்னல் தாண்டி ரோடு கிளியர். எங்க ஷிஃப்ட் பஸ்ஸு டெய்லி அங்கதான் நிக்கிது, இந்த பேஜாருல உள்ள வர்றதில்ல. எப்டியும் நாங்க நடந்துதான் போவோணும். அங்கிளையும் தூக்கிகினு போயிடறோம். பஸ்ல நடுவுல வெச்சிட்டா நாலு மணிக்குக் கோயில்ல எறக்கிடலாம்."

அவர் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். பஸ் கம்பெனியுடையது, வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. அந்த விதியும் அவள் எழுதியதுதான்.

"பஸ்ஸுக்கு நான் பொறுப்பு," என்றாள் ஐரீன். "தூக்குங்கண்ணா."

ஒன்பது வருஷத்தில் அவரை அண்ணா என்று அவள் கூப்பிட்டதில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டுகளை வண்டிக்குள் போட்டுவிட்டுப் பெட்டியை இறக்கினார்கள். பின் மூலை இரண்டுக்கும் ஆள் வந்துவிட்டது, முன் வலதுக்கு ரவிக்குமாரே நின்றார். முன் இடதை யாரும் தொடவில்லை. ரஞ்சித் போய்க் குனிந்ததும் பெட்டி எழுந்தது.

டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு ஆள் போகிற சந்தில் அத்தனை பேரும் எப்படிப் போனார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. போனார்கள். ஆந்திராக்காரர்களும் பீகார்க்காரர்களுமாக லாரி டிரைவர்கள் கீழே இறங்கித் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். ஐம்பது அடிக்கு ஒருமுறை ஒருத்தன் உள்ளே நுழைந்து தோளை வைத்தான், உள்ளே இருந்தவன் வெளியே வந்து வியர்வையைத் துடைத்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவரவர் முறையை அவரவரே எடுத்துக்கொண்டார்கள்.

ஃப்ளோரன்ஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். சிக்னல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"யார் யாருன்னு பாத்து வச்சுக்கடி."

"பாத்துட்டுத்தாம்மா வரேன்," என்றாள் ஐரீன்.

இருபத்தாறு பேர் வரை எண்ணி வந்திருந்தாள். ஒருத்தரும் விட்டுப்போகாமல், பேரோடு. மூன்று மூலையிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. முன்பக்கம் இடது மூலையில் மட்டும் மாறவில்லை, வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.